முதல் கையெழுத்து

சென்ற ஞாயிறு மாலை, நாகூருக்குப் பக்கத்தில் ஒரு கண்டனக் கூட்டம். கண்டிக்கப்பட்டது, நம் ஜனங்கள் கப்பலேறிப் பிழைக்கப் போகும் ஒரு நாடு. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அங்கே வேலை செய்பவர்களின் மனைவிமார் பொங்கலுக்குள் வந்து இறங்கிவிட வேண்டுமாம். அதற்குப் பிறகு அனுமதி கிடையாதாம்.

சும்மா இருப்போமா? மைக் செட் கட்டிவிட்டோம்.

தலைமை, எங்கள் பகுதியின் பெரிய மிராசுதார். நில உச்சவரம்புச் சட்டம் வந்த பிறகும் பெரிய மிராசுதார்தான் – எப்படி என்று கேட்காதீர்கள். நாற்பது நிமிஷம் பேசினார்.

"புருஷனையும் பொண்டாட்டியையும் பிரிக்க எவனுக்கு உரிமை இருக்கு? பிரிச்சுக் கட்டி வைக்க மனுஷன் என்ன மாடா?"

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன். நல்ல பேச்சு.

கூட்டம் கலைந்ததும், மிராசுதார் வயலில் வேலை செய்யும் காத்தையன் மேடையடியில் வந்து நின்றார். கையில் ஒரு பாஸ்போர்ட் விண்ணப்பம் – மகள் அஞ்சலைக்கு. மருமகன் அதே நாட்டில் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார். நிலம் உள்ள ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டால்தான் விண்ணப்பம் நகரும்.

"அய்யா, ஒரு கையெழுத்துங்க..."

"கண்ணாடி எடுத்துட்டு வரலையேடா. படிக்காம எப்படிப் போடறது?"

"சார் படிச்சுக் காட்டுவாருங்க" என்று காத்தையன் என்னைக் காட்டினார்.

படித்தேன். ஜாமீன் வாசகம் இரண்டே வரி.

மிராசுதார் சிரித்தார். "கூலிய உசத்தச் சொல்லிக் கொடி புடிச்சியே, அந்தச் சங்கத்துல போயி வாங்கேன்!"

"சங்கத்துல யாருக்குங்க நிலம் இருக்கு?"

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மிராசுதாரின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அஞ்சலை போயிட்டா நடவுக்கு முன்ன நின்னு பொம்பளைங்கள வேலை வாங்கறது யாரு? தை அறுப்பு முடியட்டும். போடறேன்."

"பொங்கலுக்குள்ள போயி எறங்கணும்ங்களே... நீங்கதானே இப்ப மைக்குல சொன்னீங்க?"

"அது வேற, இது வேறடா!"

இருக்கலாம். ஒரு சர்க்கார் கதவைச் சாத்தினால் அது கொடுமை. கண்டிக்க ஊரே திரளும். நம்மூர் வரப்போரம் ஒருவர் கதவைச் சாத்தினால்...? அதற்கும் கூட்டம் போடலாம்தான். தலைமை தாங்க யாரைக் கூப்பிடுவது?

அதற்குள் அந்த நாட்டுத் தூதரகத்துக்கு அனுப்பவிருந்த மகஜர் வந்தது. நாலு பக்கம். காத்தையன் தன் விண்ணப்பத்தை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, பார்த்தபடி நின்றார்.

மிராசுதார் என்னிடமே பேனா வாங்கி, முதல் கையெழுத்தைப் போட்டார்.

கண்ணாடி இல்லாமலேயே.