கோவில்பட்டிக்கு அறுபத்தெட்டு மார்க்

கோவில்பட்டியில் வள்ளிமயில் அளவுக்கு வெயிலை நேசிக்கிற இன்னொரு ஜீவன் இருந்தால் அது அவளுடைய முதலாளியாகத்தான் இருக்கும். ஊரே குடைக்குள்ளும் முந்தானைக்குள்ளும் ஒளிந்துகொள்ளும் சித்திரையில், இவள் மொட்டைமாடியில் நின்று வானத்தைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரிப்பாள். வேலை அப்படி. அவள் ஒரு தீப்பெட்டி ஆபீஸில் சூப்பர்வைசர். தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம், பேனாவும் பைலும் அங்கே இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது.

சட்டத்தில் அடுக்கிய குச்சிகளை மருந்தில் முக்கி எடுத்தால் அவை காய வேண்டும். காற்றில் ஈரம் ஏறிவிட்டால் மருந்து பிசுபிசுவென்று நிற்கும், அன்றைய பாடு பாழ். அதனால் விடிந்ததும் போனில் வானிலைத் துறையின் பக்கத்தைத் திறந்து, மழை, ஈரப்பதம், காற்று மூன்றையும் பார்த்து, இன்று முக்கலாமா வேண்டாமா என்று முதலாளிக்குச் சொல்வது வள்ளிமயிலின் பொறுப்பு. ஒன்பது வருஷமாகச் சொல்கிறாள். அவள் வேண்டாம் என்றால் அங்கே வேலை செய்கிற அறுபது பேருக்கும் அன்று பெட்டி ஒட்டுகிற வேலைதான். அந்த அதிகாரத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்கட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்?

அவளைப் பெண் பார்க்க வந்த விஜயராஜ், பாட்டுப் பாடுவியா, சமைப்பியா என்றெல்லாம் கேட்கவில்லை. தட்டிலிருந்து ஒரு முறுக்கை எடுத்துக்கொண்டு, நாளைக்கு மழை வருமா என்று கேட்டான். வள்ளிமயில் தலையைக் குனிந்தபடியே, முப்பது சதவீதம் வாய்ப்பு, அதுவும் சாயங்காலத்துக்கு மேல் என்றாள். அவ்வளவுதான், இரண்டு பேரும் விழுந்துவிட்டார்கள். மறுநாள் மழை வரவில்லை என்பதைச் சொல்ல அவன் போன் செய்தான். அதற்கடுத்த நாளும் வரவில்லை என்பதைச் சொல்லவும் செய்தான். பூ வைத்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவானபோது வள்ளிமயில் தரையில் நடக்கவே இல்லை.

ஒரே ஒரு சிக்கல். விஜயராஜுக்கு ஊர் கயத்தாறு பக்கத்துக் கிராமம், வேலை நாகர்கோவிலில், மோட்டார் பம்ப் கம்பெனியில். அதே கம்பெனி கோவில்பட்டியிலும் கிளை திறக்கிறது. எங்கே இருக்கப் போகிறாய் என்று தீபாவளிக்குள் அவன் சொல்லியாக வேண்டும். அவனுடைய அம்மா பாலம்மாளுக்கு நாகர்கோவில் மேல்தான் ஆசை. முப்பது வருஷம் கரிசலில் உளுந்தை விதைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தே கழுத்து வலி கண்டவள். பிள்ளையாவது ஈரமுள்ள ஊரில் குடும்பம் நடத்தட்டும் என்று அவள் நினைத்ததில் என்ன தப்பு? ஆனால் நாகர்கோவிலுக்குப் போனால் வள்ளிமயிலின் வேலை போய்விடும். கல்யாணத்துக்கு முன்பே மாமியாரிடம் அதைச் சொல்லி மல்லுக்கட்ட அவளுக்கு வாய் வரவில்லை. இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள்.

விஜயராஜ்தான் வழி சொன்னான். இரண்டு ஊருக்கும் மார்க் போடுவது. நம் இஷ்டத்துக்கு அல்ல, அரசாங்கம் வெளியிட்டிருக்கிற புள்ளிவிவரத்தை வைத்து. பத்து விஷயம், ஒவ்வொன்றுக்கும் பத்து மார்க். எந்த ஊர் ஜெயிக்கிறதோ அங்கே குடித்தனம். பாலம்மாளும் ஒப்புக்கொண்டாள். புள்ளிவிவரம் எடுக்கும் வேலை வள்ளிமயிலுக்கே வந்தது.

பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டில் எத்தனை, பள்ளிக்கூடம் எத்தனை, நிற்கிற ரயில் எத்தனை, உழவர் சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று மூன்று வாரம் தேடித் தேடி எடுத்தாள். நூலகம் திறக்கிற நேரத்தைக்கூட விடவில்லை. கடலைமிட்டாய்க்கு ஒரு பத்து மார்க் ஒதுக்க ஆசைப்பட்டாள், அதற்கு எந்தத் துறையும் புள்ளிவிவரம் வெளியிடாததில் அரசாங்கத்தின் மீதே கோபம் வந்தது. ஆனால் நேர்மையானவள். ரயிலில் நாகர்கோவிலுக்குக் கூடுதலாகப் போட்டாள், குழாய்த் தண்ணீரிலும் போட்டாள். கடைசியில் கூட்டிப் பார்த்தால் கோவில்பட்டி அறுபத்தெட்டு, நாகர்கோவில் அறுபத்தாறு. இரண்டு மார்க்! போனைத் தூக்கிப் போட்டுப் பிடித்தாள். விஜயராஜுக்கு அப்போதே அனுப்பினாள். அருமை என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது.

புரட்டாசிக் கடைசியில் முகூர்த்தப் பட்டு எடுக்க அம்மாவும் பிள்ளையும் கோவில்பட்டி வந்தார்கள். சேலை எடுத்து முடித்து, வள்ளிமயில் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்ததும், அவள் அட்டவணையை வாசித்தாள். குரலில் அவ்வளவு குஷி. பாலம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தாள். எட்டாவது வரி மழை. வருஷத்தில் மழை பெய்யும் நாட்கள், கோவில்பட்டியில் குறைவு, ஆகவே ஒன்பது மார்க். நாகர்கோவிலில் அதிகம், ஆகவே மூன்று மார்க்.

பாலம்மாளின் தலையாட்டல் நின்றது.

"எம்மா, மழை பெஞ்சா மார்க்கைக் கொறைப்பியளா?"

வள்ளிமயிலுக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. மழை பெய்தால் குறைக்காமல் என்ன செய்வது? ஒன்பது வருஷமாக மழை நாள் என்றால் வீணான நாள் என்று எழுதிப் பழகிய கை. பிறகு பாலம்மாளின் முகத்தைப் பார்த்தாள். வெடித்துக் கிடக்கிற கரிசலில் விதையைப் போட்டுவிட்டு வந்திருக்கிறவள் முகம். வள்ளிமயிலுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. யோசித்துப் பார்த்தால், தீப்பெட்டி ஆபீஸை விட்டால் உலகத்தில் யார்தான் மழை பெய்யாததற்கு மார்க் கொடுப்பார்கள்!

பேனாவை எடுத்துத் திருத்தினாள். ஒன்பதை மூன்றாக்கினாள், மூன்றை ஒன்பதாக்கினாள். கோவில்பட்டி அறுபத்திரண்டு, நாகர்கோவில் எழுபத்திரண்டு. தாளை அவளே நீட்டினாள்.

"எந் தப்புதான் அத்தை. நாகர்கோவில்தான் ஜெயிச்சிருக்கு. அங்கனயே இருப்போம்."

பாலம்மாள் தாளை வாங்கிப் பிள்ளையிடம் கொடுத்தாள். விஜயராஜ் அதைப் பார்க்கவே இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். முகம் மட்டும், திருட்டுத்தனமாக வெல்லம் தின்று மாட்டிக்கொண்டவன் முகமாக இருந்தது.

"இந்தத் தப்பை அவ அனுப்புன அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்துட்டு ஏம்லே சொல்லல?" என்றாள் பாலம்மாள்.

"சொல்லியிருந்தா நாகர்கோவில்லா ஜெயிச்சிருக்கும்."

வள்ளிமயில் நிமிர்ந்து பார்த்தாள். அவன் அம்மாவைப் பார்த்தே பேசினான். வேலையை விட்டுவிட்டு வர வேண்டுமே என்று அவள் ஒரு நாளும் வாய் திறந்து சொல்லவில்லை, ஆனால் போனில் பேசினால் பாதி நேரம் அந்த ஆபீஸ் பேச்சுதான், அதைப் பிடுங்கிவிட்டு அவளை மட்டும் கூட்டிக்கொண்டு போக மனசில்லை என்றான். நேரே சொன்னால் அம்மா வருத்தப்படுவாள் என்றுதான் மார்க்கைக் கட்டி அழுதானாம்.

வள்ளிமயிலுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, எது முதலில் என்று தெரியாமல் இரண்டையும் ஒன்றாகச் செய்தாள். தான் சொல்லாததை ஒருத்தன் கேட்டிருக்கிறான் என்கிற சந்தோஷம் அவளுக்குத் தாங்கவில்லை.

பாலம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுததுக்குப் பதிலா, ரெண்டு ஊரையும் பரீச்ச எழுத வச்சிருக்கிய. தீபாவளி வரைக்கும் எதுக்குலே காத்துக் கெடக்கணும்? கோவில்பட்டிதான்னு கம்பெனிக்கு இப்பவே போனப் போடு."

விஜயராஜ் போனை எடுப்பதற்குள் வள்ளிமயில் எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டாள்.