கொம்பு இடம் மாறிய தேன்குழல்

என்னுடைய வலைப்பூவில் இதுவரை அதிகம் பேர் படித்த பதிவு எதுவென்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தப் பதிவைப் பற்றித்தான் இங்கே எழுதப்போகிறேன்.

மும்பையில் செம்பூர் பக்கம் திலக் நகரில் மூன்றாவது மாடி வீடு. சாப்பாட்டு மேஜையின் ஜன்னலோர முனைதான் என் ஆபீஸ். பத்து வருடம் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை பார்த்தேன். மகள் பிறந்த பிறகு அதை விட்டுவிட்டு வீட்டிலிருந்தபடியே டிசைன் செய்து கொடுக்க ஆரம்பித்தேன். மசாலா டப்பா லேபிள், பல் டாக்டரின் போர்டு, கல்யாணப் பத்திரிகை என்று எது வந்தாலும் செய்வேன். வலைப்பூ ஆறு வருடங்களுக்கு முன் தொடங்கியது. கடைகளில் விற்கும் சாதாரணப் பொருட்களின் உறைகளைப் படம் எடுத்து, அதன் நிறத்தையும் எழுத்தையும் பற்றி எழுதுவேன். வியாழக்கிழமை தோறும் ஒன்று. அந்த ஒரு நாள் வாடிக்கையாளர்களின் ஃபோனை எடுக்க மாட்டேன் என்று விதி வைத்திருந்தேன். விதியை மீறியது பெரும்பாலும் நான்தான். திங்கட்கிழமை தரவேண்டிய வேலையைத் தள்ளிப்போட்டு அப்பளக் கட்டின் லேபிளைப் பற்றி எழுதியிருக்கிறேன். வியாழக்கிழமை எழுத உட்கார்ந்து யாருடைய லோகோவுக்கோ பச்சையைக் கொஞ்சம் அடர்த்தியாக்கிக்கொண்டும் இருந்திருக்கிறேன்.

"ஒரே நேரத்துல ரெண்டு ட்ரெயின்ல கால் வெச்சிண்டு நிக்கறே," என்பார் என் கணவர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருப்பவர். அவர் சொன்னதில் கேலி பாதி, கவலை பாதி.

தமிழ் எழுத்து எனக்கு முப்பது வயதுக்கு மேல் வந்தது. மாடுங்காவில் பிறந்து, இங்கிலீஷ் மீடியத்தில் படித்து, வீட்டில் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவள். வலைப்பூவுக்காகத்தான் கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழிலேயே எழுதவும் பழகிக்கொண்டேன். புதிதாகக் கற்றவளுக்கு உள்ள திமிர் எனக்கு நன்றாகவே இருந்தது. பிறருடைய பிழை பளிச்சென்று கண்ணில் படும்.

ஒரு நாள் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு கடையில் தேன்குழல் பாக்கெட் வாங்கினேன். மஞ்சள் பிளாஸ்டிக், அதன்மேல் சிவப்பில் வளைந்த எழுத்து. பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் 'தே'யில் முன்னால் நிற்கவேண்டிய கொம்பு பின்னால் போய் நின்றுவிட்டது. தமிழ் எழுத்துரு சரியாக ஏறாத கம்ப்யூட்டர்களில் இப்படி ஆகும். 'ன்'னின் புள்ளியும் காணாமல் போயிருக்க, படித்தால் 'தனேகுழல்' என்று வந்தது. சிரிப்புத் தாங்கவில்லை. படம் எடுத்தேன். பாக்கெட்டின் அடியில் தாராவி என்ற ஊர்ப் பெயரும் ஒரு மொபைல் நம்பரும் இருந்தன. நாகரிகமாக நடந்துகொள்வதாக எண்ணி அந்த நம்பரை மட்டும் படத்தில் மங்கலாக்கினேன். 'தனேகுழல் சாப்பிட்டிருக்கிறீர்களா?' என்று தலைப்பிட்டு அரை மணி நேரத்தில் எழுதிப் போட்டுவிட்டேன்.

மற்ற வாரங்களில் நூறு பேர் படித்தால் பெரிய விஷயம். அந்தப் படத்தை மட்டும் யாரோ வாட்ஸாப்பில் போட, அது ஊர் ஊராகச் சுற்றியது. என் நாத்தனாரின் குடியிருப்புக் குரூப்பிலிருந்து எனக்கே திரும்பி வந்தது. இரண்டாவது வாரம் அந்தேரியிலிருந்து ஒரு பெரிய தின்பண்டக் கம்பெனியின் மேனேஜர் பேசினார். தென்னிந்தியப் பலகாரங்களை மும்பை முழுக்கக் கொண்டுவரப் போகிறார்களாம். என் பதிவைப் பார்த்தாராம்.

"வோ யெல்லோ பாக்கெட் தேக்கா நா ஆப்னே? பஸ், வைஸா ஹி. கர் கா லக்னா சாஹியே," என்றார். அந்த மஞ்சள் பாக்கெட் போலவே வேண்டும், வீட்டில் செய்தது மாதிரி தெரிய வேண்டும்.

வலைப்பூவால் வந்த முதல் பெரிய வேலை. என் கணவரிடம் சொன்னபோது, "பாத்தியா, ரெண்டு ட்ரெயினும் ஒரே ஸ்டேஷனுக்குத்தான் போறது," என்று அவரே தன் பேச்சை மாற்றிக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு மாதிரிகள் வரைந்து அனுப்பினேன். ஒன்று என் சொந்த யோசனை: வெள்ளைப் பின்னணியில் காவி நிறத்தில் ஒரு கோலம். மற்றது மஞ்சளில் சிவப்பு வளைவு எழுத்து. தேன்குழல் பாக்கெட்டை மேஜையில் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு வரைந்தது அது. கொம்பை மட்டும் சரியான இடத்தில் வைத்தேன்.

மாதிரிகளை அனுப்பிய மறுநாள் காலையில் வலைப்பூவில் ஒரு பின்னூட்டம் வந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள் ஒரு பெண்.

'இது என் அம்மா செய்யும் தேன்குழல். தப்பு அம்மாவுடையது இல்லை. பிரிண்டிங் ஆள் ஃபோனில் மாதிரி அனுப்பினான். நான்தான் ஓகே சொன்னேன். எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மாடுங்காவில் இரண்டு கடைகளில் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள், ஆட்கள் ஃபோட்டோ எடுத்துச் சிரிக்கிறார்கள் என்று. பதிவை நீக்க வேண்டாம். என் அம்மாவுக்குத் தமிழ் நன்றாகத் தெரியும் என்று மட்டும் எழுதுங்கள்.'

மூன்று முறை படித்தேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் பதில் எழுதியிருப்பேன். இதற்கு என்ன எழுதுவது? மேனேஜர் அன்று மதியம் பேசுவதாகச் சொல்லியிருந்தார். அழைப்பை மறுநாளைக்கு மாற்றும்படி செய்தி அனுப்பிவிட்டு, பாக்கெட்டில் இருந்த நம்பரைப் பார்த்து ஃபோன் செய்தேன். எடுத்தது அந்த அம்மா. நான் யார் என்று சொன்னேன்.

"இப்ப என்ன வேணும்?"

"நேர்ல வந்து மன்னிப்புக் கேக்கணும். வரலாமா?"

"வாங்க. தொண்ணூறடி ரோட்டுல வந்து தேன்குழல் வீடுன்னு கேளுங்க. சொல்லுவாவ."

சயான் வரை ஆட்டோவில் போய், ஸ்டேஷனைத் தாண்டி நடந்தேன். குறுகலான சந்தில், கீழே அடுப்பும் மேலே வீடுமாக இருந்தது அவர்கள் இடம். அந்த அம்மா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவராம். இரண்டு பெண்கள் உதவிக்கு உட்கார்ந்து மாவு பிழிந்துகொண்டிருந்தார்கள். அவர் எழுந்து, கையைத் துடைத்து, எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டார். அவர் உட்காரவில்லை.

நான் ஆட்டோவில் வரும்போதே தயார் செய்திருந்த வார்த்தைகளைச் சொன்னேன். கேலி செய்யும் எண்ணம் இல்லை, எழுத்துருவின் கோளாறைப் பற்றித்தான் எழுதினேன், இவ்வளவு தூரம் பரவும் என்று நினைக்கவில்லை என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது சப்பென்று இருந்தது.

அவர் முழுக்கக் கேட்டார். பிறகு கேட்டார்: "அந்தப் பாக்கெட்டுல எங்க நம்பர் இருந்துச்சுலா?"

"இருந்தது."

"பாத்தியளா?"

"பாத்தேன்."

"எம் மவ சொன்னா, ஃபோட்டோவுல நம்பரை மட்டும் அழிச்சிருக்காவன்னு. அழிக்கதுக்குப் பாத்திய. பேசுறதுக்குப் பாக்கலியே. ஒரு ஃபோன் போட்டு, 'எக்கா, எழுத்து மாறிக் கெடக்கு'ன்னு சொன்னா நான் என்ன, கோவப்படவா போறேன்?"

மாவு பிழிந்துகொண்டிருந்த இரண்டு பெண்களும் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குக் கடைக்காரன் திருப்பிக் கொடுத்தது பெரிசில்ல," என்றார் அவர். "இன்னொரு கடை கெடைக்கும். அவ காலேஜுக்கே போவல, நாலு நாளாச்சு. என்னால உனக்கு அசிங்கம்மான்னு அழுதா. படிக்கத் தெரியாதது அவ தப்பா? இங்க எந்தப் பள்ளிக்கூடத்துல அவளுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தாவ?"

அப்போதுதான் நானும் முப்பது வயதுக்கு மேல் படித்தவள் என்று சொன்னேன். என் நிலைமையும் அவள் நிலைமையும் ஒன்று என்று காட்டிக்கொள்ளப் பார்த்தேன். அந்த அம்மா அதை ஏற்கவில்லை. "அப்பம் ஒங்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்குமே," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

புது லேபிள் நான் இலவசமாகச் செய்து தருகிறேன் என்றேன். அச்சடித்த பிளாஸ்டிக் ரோல் இன்னும் மூன்று மாதத்துக்கு இருக்கிறது, அதைத் தூக்கிப் போட முடியாது என்றார். அப்படியானால் பெயர் இருக்கும் இடத்தில் ஒட்டச் சின்ன ஸ்டிக்கர் செய்கிறேன், ரோல் தீர்ந்த பிறகு புது டிசைன் என்றேன். அவர் யோசித்தார்.

"செய்யுங்க. ஆனா ஓசியில வேண்டாம். காசு வாங்கிட்டுச் செஞ்சாத்தான் நான் தப்பு இருந்தா கேக்க முடியும்."

இத்தனை வருடம் சொந்தமாகத் தொழில் செய்கிறேன். நண்பர்களுக்கு இலவசமாகச் செய்து கொடுத்து, பாதியில் விட்டு, மனஸ்தாபம் ஆன கதைகள் எனக்கு எத்தனையோ உண்டு. இவ்வளவு எளிதாக யாரும் எனக்கு இதைச் சொன்னதில்லை.

கிளம்பும்போது அவருடைய மகள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். கண்ணாடி போட்ட, ஒல்லியான பெண். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். "நீக்க மாட்டீங்கல்ல?" என்றாள். ஏன் நீக்கக்கூடாது என்கிறாய் என்று கேட்டேன். "நிக்கால் தியா தோ, எடுத்துட்டா, நாங்க வெக்கப்பட்டு எடுக்கச் சொன்ன மாதிரி ஆயிடும். கீழயே எழுதுங்க, என்ன ஆச்சுன்னு."

வீட்டுக்கு வந்து அந்தப் பதிவின் கீழே நடந்ததை எழுதினேன். என் பிழைக்கு நான் கண்டுபிடித்த சாக்குகளை எழுதவில்லை. நம்பரை மங்கலாக்கியதையும் அந்த அம்மா கேட்ட கேள்வியையும் அப்படியே எழுதினேன். பின்னூட்டத்தில் மகள் எழுதச் சொன்ன வரியைத் தனியாகப் போட்டேன். முதல் பதிவை ஊரெல்லாம் அனுப்பியவர்கள் இதை அனுப்பவில்லை. நாற்பது பேர் படித்திருப்பார்கள். அதில் ஒருவர், 'முன்னது நல்ல நகைச்சுவை, இது கொஞ்சம் அழுகை' என்று எழுதினார்.

மறுநாள் மேனேஜர் பேசினார். எதிர்பார்த்தபடியே மஞ்சள் மாதிரிதான் பிடித்திருந்தது. நான் இரண்டு நாள் கேட்டேன். தியாகி மாதிரி எழுதிவிடக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்: அந்த இரண்டு நாளும் எப்படியாவது அந்த வேலையை வைத்துக்கொள்ள வழி உண்டா என்றுதான் யோசித்தேன். மஞ்சள் நிறம் யாருக்குச் சொந்தம்? வளைந்த எழுத்து எத்தனை பாக்கெட்டில் இருக்கிறது? இப்படி எனக்கு நானே வக்கீலாக வாதாடிப் பார்த்தேன்.

"உன்னால அந்த மாமிகிட்ட இதைக் காட்ட முடியுமோ?" என்று என் கணவர் கேட்டார். "முடியும்னா பண்ணு."

முடியாது. அந்த மஞ்சள் மாதிரி ஏற்கெனவே ஒருவருடையது, என்னால் கொடுக்க முடியாது, வெள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று மேனேஜருக்கு எழுதினேன். மிகவும் மரியாதையாக நன்றி சொன்னார்கள். அதன்பின் அங்கிருந்து ஃபோன் வரவில்லை. சில மாதங்களுக்குப் பிறகு செம்பூரில் ஒரு பெரிய கடையில் அவர்களுடைய பலகாரம் வந்திருந்தது. மஞ்சள் பாக்கெட், சிவப்பு எழுத்து. வேறு யாரோ வரைந்திருந்தார்கள். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. அந்தக் கடையில் கொஞ்ச நேரம் கோபத்தோடு நின்றேன். பிறகு பால் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்டிக்கர் வேலை நான் நினைத்ததைவிட நாளெடுத்தது. மூன்று மாதிரி அனுப்பினேன். முதலாவதில் தேன்குழல் சரியாக இருந்தது. கீழே சிறிய எழுத்தில் என்ன எண்ணெயில் பொரித்தது என்று போட்டிருந்தேன். ஐந்து நிமிடத்தில் அந்த அம்மாவின் ஃபோன்.

"எண்ணெய்லா அது? நீங்க 'எண்ணை'ன்னு போட்டிருக்கிய. 'ணெ' போட்டு 'ய்' போடணும்."

பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. நான் மன்னிப்புக் கேட்டதும் மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் சிரித்து அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன். "எட்டி, இங்க வா, டிசைன் அக்கா தப்பு விட்டுட்டாவ," என்று மகளைக் கூப்பிட்டார். அவளும் சிரித்தாள். நான் திருத்தி அனுப்பினேன்.

திருப்பிக் கொடுத்த இரண்டு கடைகளில் ஒன்று மறுபடி வாங்கிக்கொண்டது. மற்றக் கடைக்காரர் மறுத்துவிட்டார். அந்தப் பெண் காலேஜுக்குப் போகிறாள். அவளுக்கு என்மேல் உள்ள கோபம் முழுக்கப் போய்விட்டதா என்று தெரியவில்லை. லேபிள் விஷயமாக மட்டும் பேசுவாள், அதுவும் சுருக்கமாக.

இப்போது யாருடைய உறையைப் பற்றி எழுதினாலும் முதலில் அவர்களோடு பேசுகிறேன். அதனால் வியாழக்கிழமைக் கணக்கெல்லாம் போயிற்று. மாதத்துக்கு ஒரு பதிவு வந்தால் அதிகம். சிலர் நம்பரை எடுப்பதில்லை. சிலருக்கு நான் வரித்துறை ஆளோ என்று பயம். போன வாரம் உல்லாஸ்நகரில் எலுமிச்சை சோடா செய்யும் ஒருவரைப் பிடித்தேன். பாட்டிலில் ஏன் கிளிப் படம் என்று கேட்டேன். முதலில் "ஆப்கோ க்யா கர்னா ஹை?" என்று, உனக்கு எதற்கு அது என்கிற மாதிரி சீறினார். பிறகு கிளிக்கு முன்னால் மயில் இருந்ததையும், அச்சுக்காரர் மயிலை வான்கோழி மாதிரி வரைந்து வைத்ததால் மாற்ற வேண்டியிருந்ததையும் முக்கால் மணி நேரம் சொன்னார். நடுவில் பல் டாக்டரின் அழைப்பு இரண்டு தடவை வந்து நின்றது. நான் எடுக்கவில்லை. "ஃபிர் க்யா ஹுவா?" அப்புறம் என்ன ஆயிற்று என்று சோடாக்காரரிடம் கேட்டேன்.