ஓரகத்தியின் வெள்ளைக் கீற்று

என் ஓரகத்திக்குப் போன வருடம் நசுங்கியதும் முதுகின் அதே முள்ளெலும்புதான். ஆட்டோவிலிருந்து இறங்கும்போது சறுக்கி உட்கார்ந்தாள். ஸ்கேன் எடுத்துப் பார்த்து, எலும்பு பலவீனம் என்று சொல்லி மாத்திரையும் பெல்ட்டும் கொடுத்து அனுப்பினார்கள். நான் அடுகோடியில் எங்கள் வீட்டில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கினேன், அவ்வளவுதான், எனக்கும் நசுங்கிவிட்டது. ஆனால் எனக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சை முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதனால் அவளுக்கு எழாத சந்தேகம் எனக்கு எழுந்தது: வெறும் பலவீனமா, புற்று எலும்புக்கு வந்துவிட்டதா? எம்ஆர்ஐ எடுத்தால் தெரியும் என்றார்கள்.

ஸ்கேன் அறை வாசலில் தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னார்கள். துணைக்கு வந்த ஓரகத்தி, மஞ்சள் கிழங்கு கோத்த கயிற்றைப் பையிலிருந்து எடுத்து என் கழுத்தில் கட்டினாள்.

"போன தடவ நானும் இப்பிடித்தான் கட்டிக்கிட்டேன். ஒண்ணும் வரல பாரு. காபரி ஆகாதடி, பயப்படாத."

எனக்குக் கழுத்து அரித்தது.

என் படம் கைக்கு வந்ததும், ஓரகத்தி வீட்டிலிருந்து கொண்டுவந்த தன் போன வருடப் படத்தை அதன் பக்கத்தில் பிடித்தாள். "பின்பக்கம் இந்த வெள்ளை இருக்குல்ல, அதுதான் நல்ல மஜ்ஜையாம். உன்னோடதுல எங்கடி?"

இல்லை. அந்த எலும்பு முழுக்கக் கறுத்திருந்தது. அவள் பிரேசர் டவுனில் சொந்த வீடு வாங்கியபோதுகூட எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை. நகக்கீற்று அளவு வெள்ளைக்கு எரிந்தது.

டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். "புதுசா நசுங்கினாலும் கறுப்பாத்தான் தெரியும்மா. எலும்போட பின்சுவர் பலூன் மாதிரி உப்பல. உள்ள தண்ணி கோத்த விரிசல் இருக்கு. ரெண்டும் நல்ல அறிகுறி. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். ரெண்டு மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுப்போம். பலவீனம்தான்னா வெள்ளை திரும்பி வரும்."

அந்த மாதங்களில் ஞாயிறுதோறும் ஓரகத்தி குழம்பு கொண்டுவந்தாள். பெல்ட் இல்லாமல் நிமிர்ந்து படியேறுவாள். நன்றி சொல்லிப் பாத்திரத்தை வாங்கும்போதெல்லாம் நான் அவள் முதுகையே பார்த்தேன்.

இரண்டாவது படத்தில் வெள்ளை திரும்பியிருந்தது. புற்று இல்லை என்றார் டாக்டர். கணவருக்குப் போன் செய்வதற்கு முன் ஆட்டோ பிடித்து பிரேசர் டவுனுக்குப் போனேன்.

"அக்கா, உங்க படத்த எடுங்க."

ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டையும் சேர்த்துப் பிடித்தேன். "என்னோடதுல வெள்ளை கொஞ்சம் அதிகமா இருக்கு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "எங்க? ரெண்டும் ஒண்ணுதான்டி."

"இல்லக்கா, நல்லாப் பாருங்க," என்றேன்.