லோரியைத் தள்ளியவர்கள்

என் அப்பாவைச் சயாமுக்கு அனுப்ப ஏற்றிக்கொண்டு போன லோரியை ஓட்டியவர் என் மாமா தர்மலிங்கம். அப்பா இல்லாத என்னை வளர்த்து ஆளாக்கியவரும் அவர்தான். இந்த இரண்டையும் பல்லைக் கடிக்காமல் அடுத்தடுத்துச் சொல்ல எனக்கு நாற்பது வயது ஆக வேண்டியிருந்தது.

மாமா என்றால், என் அப்பா அய்யாவுவின் அக்கா குணவதியைக் கட்டியவர். கோலா கெத்திலுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் லோரி டிரைவர். பழுது பார்ப்பதும் அவரே. மனுஷர்களிடம் நாலு வார்த்தை பேச அவருக்குச் சோம்பல். லோரியோடு மட்டும் பொழுதுக்கும் பேச்சு. "இன்னிக்கு என்னடி கோவம் உனக்கு?" என்று பானெட்டைத் தட்டுவாராம். "என்கிட்ட ஒரு நாளாவது அப்படிக் கேட்டிருக்காரா?" என்று அத்தை கடைசி வரை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

ஜப்பான்காரன் வந்ததும் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை காரில் ஏறி ஓடிவிட்டார். லோரியை விட்டுவிட்டுப் போனார். அப்போதே அது கிழடு. பெட்ரோல் கிடையாது, ரப்பரைக் காய்ச்சி இறக்கிய எண்ணெயில்தான் ஓட வேண்டும். அந்த எண்ணெய் கார்பரேட்டரில் பிசினாக ஒட்டும். நாலு மைலுக்கு ஒரு தரம் இறங்கிக் கழற்றி வாயால் ஊதினால்தான் மறுபடி நகரும். ரேடியேட்டர் ஒழுகினால் மரவள்ளி மாவைக் கரைத்து ஊற்றுவார். காற்றாடி பெல்ட் அறுந்தபோது கேன்வாஸ் துணியைப் பட்டையாகக் கிழித்து, ரப்பர் பாலில் தோய்த்துக் காயவைத்து மாட்டினார். டயருக்குள் காற்றுக்குப் பதில் லாலாங் புல். இத்தனையும் செய்து அதை ஓட வைத்ததில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு என்பாள் அத்தை. இருந்திருக்கும். இருந்தால்தான் என்ன?

நாற்பத்து மூன்றாம் வருஷம் நடுவில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி நடராஜா, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக் களத்தில் முப்பது பேரின் பெயரை வாசித்தார். சயாமில் ரயில் பாதை வேலை. மூன்று மாதம், சாப்பாடும் சம்பளமும் உண்டு, முடிந்ததும் வீடு. பட்டியலில் என் அப்பா பெயரும் இருந்தது. என் அம்மா நவமணிக்கு அப்போது ஐந்தாவது மாதம். வயிற்றில் நான்.

மாமாவுக்கு மட்டும் வேறு ஒரு விஷயம் தெரிந்திருந்தது. சுங்கை பட்டாணி ரயில் நிலையத்தில் பரஞ்சோதி என்று ஒரு டிரைவரைப் பார்த்தார். கரங்கான் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ஆள் ஏற்றி வந்தவர். "நாலு நடை கொண்டாந்து விட்டுட்டேன் அண்ணே. போனவன் ஒருத்தன்கூடத் திரும்பி வரல. அங்க காலராவுல கொத்துக் கொத்தா போறாங்களாம். வெளிய சொல்லிறாதீங்க, நம்ம கழுத்துப் போயிரும்" என்றாராம்.

மாமா வெளியே சொல்லவில்லை. லோரியைக் கெடுத்தார்.

முதல் வாரம் கார்பரேட்டர் அடைப்பு என்றார். கிராணி நம்பினார். இரண்டாம் வாரம் ரேடியேட்டர் ஓட்டை. அது எப்போதும் ஓட்டைதான், அதனால் அதையும் நம்பினார்கள். மூன்றாம் வாரம் ஒரு சிப்பாய் நேரிலேயே வந்து மாமாவை வெயிலில் முட்டி போட வைத்தான். அன்று சாயந்தரம் நடராஜா வந்தார். "தர்மலிங்கம், வியாழக்கிழம லோரி போயாகணும். இல்லன்னா உன்னத் தூக்கிட்டு வேற டிரைவரப் போடுவானுங்க. ஆளுங்க எப்படியும் போவாங்க. நீ மட்டும் இருக்க மாட்ட" என்றார். அந்த ஆள் மேல் எனக்குக் கோபம் உண்டு, ஆனால் அன்று அவர் சொன்னது பொய்யில்லை.

கேட்டது கிடைத்த மாதிரி, அதே வாரம் நிஜமான பழுதே வந்தது. இஞ்சினுக்குள் தண்டைத் தாங்கிச் சுழல விடும் பேரிங் ஒன்று உருகிப் போயிருந்தது. மாற்றுவதற்குச் சாமான் எங்கும் இல்லை. டிரைவர்களுக்குத் தெரிந்த ஒரு வழி உண்டு. ஃபேக்டரி மிஷினில் ஓடும் தோல் வாரை வெட்டி, விளக்கெண்ணெயில் இரண்டு நாள் ஊறப் போட்டு, பேரிங் இருந்த இடத்தில் இறுக்கிக் கட்டினால், மெதுவாக ஓட்டும் பட்சத்தில் நாற்பது மைல் தாங்கும். மாமா வாரை வெட்டினார். ஊறப் போடவில்லை. லோரிக்கு அடியில் மல்லாந்து படுத்து, காய்ந்த தோலையே வைத்து முடுக்கினார்.

தோட்டத்திலிருந்து ரயில் நிலையம் பன்னிரண்டு மைல். காய்ந்த தோல் எட்டு ஒன்பது மைலில் கருகிவிடும் என்பது அவர் கணக்கு. அந்த இடத்தில் சாலைக்கு இரண்டு பக்கமும் ரப்பர் காடு. பால் வெட்டு நின்றுபோய், ஆள் உயரத்துக்குப் புதர் மண்டிக் கிடந்தது. காவலுக்கு இரண்டே சிப்பாய்கள்தான் வருவார்கள். லோரி நின்றால் முப்பது பேரும் நாலு பக்கமும் ஓடிவிடலாம். யாரிடமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. என் அப்பாவிடம்கூட. அப்பாவின் வாயில் ஒரு சொல் தங்காதாம். சொன்னால் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கே தெரிந்துவிடும்.

வியாழக்கிழமை காலை லோரி புறப்பட்டது. ஒன்பதாவது மைலில் இஞ்சின் தடதடவென்று அடித்து, பெரிய சத்தத்தோடு நின்றது. மாமா நினைத்த அதே இடம்.

இறங்கிப் பானெட்டைத் திறந்து, "ஹாபிஸ்", முடிந்துபோச்சு என்று சிப்பாயிடம் கையை விரித்தார். முதலில் கன்னத்தில் விழுந்தது. பிறகு துப்பாக்கிக் கட்டையால். பின்னால் இருந்தவர்களை இறக்கி ஓரமாக நிறுத்தினார்கள். மாமா இஞ்சினைப் பார்த்துப் புலம்புவது போலத் தமிழில் சொன்னார்.

"ஓடுங்கடா. ரெண்டு பேருதான் இருக்கானுங்க. காட்டுக்குள்ள ஓடிருங்க."

எல்லோருக்கும் கேட்டது. ஒருவரும் அசையவில்லை.

"நாங்க ஓடுனா உன்ன இங்கயே சுட்டுருவான் அத்தான்" என்றார் என் அப்பா.

"சுட்டா சுடட்டும். நீ போடா!"

அடுத்த அடியில் மாமாவின் முன்பல் இரண்டு விழுந்தன. அதைப் பார்த்ததும் அப்பா கையைக் கூப்பிக்கொண்டு சிப்பாயின் முன்னால் போய் நின்றார். "துவான், தோலாக், தோலாக்" என்று, தள்ளுவது போல ஜாடை காட்டினார். போய் லோரியின் பின்பலகையில் தோளைக் கொடுத்தார். மற்றவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். அடி நின்றது.

"மூணு மாசம்தான அத்தான். கண்ண மூடி முழிக்கிறதுக்குள்ள வந்துருவோம். நீ போயி ஸ்டேரிங்கப் புடி" என்றாராம் அப்பா.

திரும்பி வர மாட்டீர்களடா என்று மாமா அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். இதை நானாகக் கற்பனை செய்து எழுதவில்லை. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம் மாமாவே என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். "அந்த வார்த்த நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சும்மா. அடி நின்னுபோச்சா, அந்த நிம்மதியில வாய மூடிக்கிட்டேன்." மிச்சமிருந்த மூன்று மைலும் அவர் ஸ்டேரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருந்தார். சிப்பாய் பக்கத்தில் இருந்தான். பின்னால் முப்பது பேரும் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். காலுக்கடியில் பிரேக் இருந்தது, நன்றாகவே பிடிக்கும் பிரேக். ஒரு மிதி மிதித்திருக்கலாம், ஓரத்துச் சாக்கடையில் இறக்கியிருக்கலாம். அவர் வண்டியை நேராகவே ஓட்டினார்.

கேட்டுவிட்டு இரண்டு வருஷம் நான் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை. என் அப்பாவின் முகம்கூட எனக்குத் தெரியாது. அதை நினைத்து நினைத்து இந்த மனிதரை வெறுத்தேன். பிறகு எனக்கே ஒரு பிள்ளை பிறந்து, அது காய்ச்சலில் கிடந்தபோது மூன்று நாள் பஸ் மாறி மாறி வந்து வாசலில் நின்றவரும் அவர்தான். உள்ளே வா மாமா என்றேன். வேறு என்ன செய்வது?

ரயில் நிலையத்தில் கிடந்த லோரியை ஜப்பான்காரன் சாமான்களுக்காகப் பிரித்துவிட்டான். மாமா தோட்டத்தில் மரவள்ளி நட்டார், கூப்பிட்ட வேலைக்குப் போனார். மூன்று மாதம் ஆனது. ஆறு மாதம் ஆனது. இடையில் நான் பிறந்தேன். சாயந்தரமானால் என்னைத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்து வாசல் வரை போய்ச் சாலையைப் பார்த்துவிட்டு வருவாராம். அம்மா ஒரு நாளும் கூடப் போனதில்லை.

சண்டை முடிந்த பிறகு, முப்பது பேரில் இரண்டு பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் குழந்தைவேலு. கணுக்காலில் எலும்பு தெரியும் புண்ணோடு, வந்த அன்றே எங்கள் வீட்டுக்கு வந்தார். நான் மாமாவின் மடியில் இருந்தேனாம். எனக்கு நினைவில்லை, அத்தை சொன்னதுதான்.

அப்பா ஐந்தாவது மாதம் காலராவில் போனதாகச் சொன்னார். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். குழந்தைவேலு மாமாவின் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தார்.

"கடைசி ரெண்டு நாளும் ஒரே பேச்சுதான் அண்ணே. 'நம்மள ரயில் ஏத்துனப்புறம் அத்தான மறுபடி அடிச்சிருப்பானுங்களாடா? ஒழுங்கா வீடு போயிச் சேந்திருப்பாரா?' இதேதான். நான் சேந்திருப்பாரு, சேந்திருப்பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். எனக்கென்ன தெரியும்? அடிச்சானுங்களா அண்ணே?"

மாமா என்னை மடியில் சரியாக உட்கார வைத்துக்கொண்டார்.

"இல்ல. அன்னிக்கே அனுப்பிட்டானுங்க. வீட்டுக்கு வந்து கஞ்சி குடிச்சேன்" என்றார்.

குழந்தைவேலுவின் முகம் தெளிந்துவிட்டதாம். கையை ஊன்றி எழுந்து நின்று சொன்னாராம்:

"அது போதும் அண்ணே. அதுக்குத்தான தள்ளுனோம்."