கிளி வராத காலை

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கட்டைவிரல் எமோஜி போடுகிறவர் துறைத் தலைவர் மட்டும்தான். அவர் ஏதாவது அறிவிப்பார், நாங்கள் கும்பிட்ட கைகளை வரிசையாக அனுப்புவோம், கடைசியில் அவருடைய கட்டைவிரல் வந்து நிற்கும். எங்களுக்குள் ஒருத்திக்கு இன்னொருத்தி கட்டைவிரல் போட்டால் அது சண்டை. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

கேம்பஸ் இன்டர்வியூவில் தேர்வானதை நான் குரூப்பில் போட்ட மாலை, இதயங்களும் பட்டாசுகளும் வந்து கொட்டின. கடைசிச் சுற்றுவரை என்னோடு வந்து தேர்வாகாமல் போன என் நெருங்கிய தோழி ஒரு கட்டைவிரல் போட்டாள். அதற்குப் பிறகு வேறெதுவும் என் கண்ணில் படவில்லை. போனை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். சோறு இறங்கவில்லை. அம்மா எதைக் கேட்டாலும் வள்ளென்று விழுந்தேன்.

மறுநாள் காலை பெருங்களத்தூரில் ரயில் ஏறினேன். எனக்கும் அந்தத் தோழிக்கும் ஒரு வழக்கம் உண்டு. வண்டி தாம்பரத்தை விட்டுக் கிளம்பியதும் நான் அவளுக்கு ஒரு டீ கிளாஸ் அனுப்புவேன். அஸ்தினாபுரத்திலிருந்து வந்து குரோம்பேட்டை பிளாட்பாரத்தில் நிற்பவள் ஒரு கிளியை அனுப்புவாள். கிளி வந்தால் லேடீஸ் பெட்டியில் அவளுக்கு இடம் பிடித்து வைக்க வேண்டும். ஏன் கிளி என்று இருவருக்குமே ஞாபகமில்லை.

அன்றைக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று தாம்பரத்திலேயே விரல் தவித்தது. அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, கிளி வரவில்லை. சானடோரியமும் போய்விட்டது. பக்கத்து இடத்தில் பையை வைத்து அதன்மேல் கையையும் வைத்திருந்தேன். பூக்கூடையோடு நின்ற அக்கா ஒருவர், “இன்னாமா, பைக்கு ஒரு சீட்டா?” என்றார். ஆள் வருகிறார்கள் என்றேன். வருவாளா என்று எனக்கே தெரியவில்லை.

குரோம்பேட்டையில் ஏறினாள். நேராக வந்து, பையை எடுத்து என் மடியில் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“எனக்கு சந்தோஷமா இல்லடி. மத்தவங்களுக்குன்னா சும்மா ஒரு ஹார்ட் போட்டுட்டுப் போயிருப்பேன். உனக்கு அப்படிப் போட மனசு வரல.”

வழியெல்லாம் அவளைத் திட்டுவதற்கு வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் அழுகைதான் வந்தது. பல்லாவரம் தாண்டியதும் போனைக் காட்டி, அந்தக் கட்டைவிரலை எடுத்துவிடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன்.