அண்ணையின்ர கண் மாதிரி

கண்ணிமையை வெட்டித் தைப்பது கைப்பழக்கம். வெட்டத்தான் வேண்டுமா என்று முடிவெடுப்பதுதான் எங்கள் தொழில். நான் கண் டொக்டர். கிழமைக்கொரு தடவை யாழ்ப்பாணத்திலிருந்து ஊர்காவற்றுறைக்கு வந்து தீவுச் சனத்துக்குக் கிளினிக் நடத்துகிறேன். இமைக்காக வருகிறவர்களில் கனபேருக்கு முகத்துக்கு நேரே "வேண்டாம்" என்று சொல்லவேண்டி வரும். ஆசையோடு வந்து முன்னால் இருக்கிறவரிடம் அந்தச் சொல்லைச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பாடு உங்களுக்கு விளங்கும். அனலைதீவு அருளப்பு வரும்வரைக்கும் அந்தச் சொல்லுக்கு நான் பயந்ததில்லை.

பிளாஸ்ரர்

இமை தொங்கிக் கண்மணியை மறைத்தால் வெட்டலாம். பார்வையில் குறையில்லை, அழகுக்குத்தான் என்றால் ஏன், எதற்கு, யார் சொல்லி வந்தீர்கள் என்று குடைந்து எடுப்பேன். ஆனால் எல்லாருக்கும் முதல் வேலை ஒன்றுதான். இமைத்தோலை மேலே தூக்கி மெல்லிய பிளாஸ்ரர் துண்டு ஒட்டி, முகம்பார்க்கும் கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். வெட்டினால் எப்படியிருக்கும் என்று ஓரளவுக்குத் தெரிந்துவிடும்.

சுருவிலிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவருக்கு இமை கண்ணில் பாதியை மூடியிருந்தது. ஒட்டிவிட்டேன். அவர் கண்ணாடியை வாங்கவில்லை. பக்கத்துக் கதிரையில் தூங்கி விழுந்துகொண்டிருந்த கணவரையே வைத்த கண் வாங்காமல் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்டக் குனிந்து கேட்டார்: "பிள்ளை, இவர் உயிரோடைதானே இருக்கிறார்?"

போனுக்குள் இருந்தவள்

சரவணைப் பிள்ளை ஒருத்திக்குக் கனடா மாப்பிள்ளை பொருந்தியிருந்தது. இமைக்கு மேலே ஒரு மடிப்பு விழுத்திக் கண்ணைப் பெரிதாக்கவேண்டும் என்று வந்தாள். எனக்கோ அவளுடைய கண்ணில் ஒரு குறையும் தெரியவில்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அதே நெற்றி, அதே மூக்குத்தி. ஆனால் கண் மட்டும் வேறு யாருடையதோ. போன் தானாகத் திருத்திக் கொடுத்த முகம். அதைத்தான் மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

"திருத்தாத படம் ஒன்றை அனுப்பிவிட்டு வாரும், பிறகு கதைப்பம்" என்றேன். அவள் அழவில்லை. போனில் இருந்தவளைக் கொஞ்சநேரம் பொறாமையோடு பார்த்தாள். "அவை பாத்து ஓமெண்டது இவளுக்குத்தான், டொக்டர். நான் இவளாய்ப் போகாட்டில், அங்கை பிளேனாலை இறங்கிறது ஆர்?"

அருளப்பு

அருளப்பு கடற்றொழிலாளி. நாற்பது வயதிருக்கும். இமை கொஞ்சம் தடித்துச் சரிந்த கண், பார்வை நல்ல தெளிவு. ஒரு படத்தை மேசையில் வைத்து, "இந்தக் கண் மாதிரி வெட்டிவிடுங்கோ" என்றார். சனம் நடிகைகளின் படம் கொண்டுவரும், தங்கள் இளவயதுப் படம் கொண்டுவரும். இது அவருடைய அண்ணன் செபமாலையின் படம். செபமாலை முன்னொரு காலம் கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடம்பும் கரை ஒதுங்கவில்லை. இப்போது அவர்களின் தாய் படுக்கையில். கோயில் சுவாமி வந்து, சாகக் கிடக்கிறவர்களுக்குப் பூசும் அவஸ்தைத் தைலமும் பூசிவிட்டுப் போய்விட்டார். ஆனாலும் உயிர் போகவில்லை. வாசலைப் பார்த்து, "செபமாலை வந்திட்டானோ?" என்று கேட்டபடி கிடக்கிறா. கண்ணைத் தவிர அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. செபமாலையின் முகத்தைப் பார்த்துவிட்டு அம்மா நிம்மதியாகக் கண்ணை மூடவேண்டும், அவருக்கு அவ்வளவுதான்.

வழக்கம்போலப் பிளாஸ்ரரை ஒட்டினேன். கிண்ணத்தோடு உள்ளே வந்த எங்கள் நேர்ஸ் அவரைக் கண்டதும் அப்படியே நின்று சிலுவை போட்டுக்கொண்டா. அவவும் அனலைதீவுதான், செபமாலையைத் தெரிந்தவ. "வெட்டின தோலைத் திரும்ப வைக்கேலாது. முதலில் ஒரு பகல் இந்தப் பிளாஸ்ரரோடு அம்மாவுக்கு முன்னால் போய்ப் பாருங்கோ" என்றேன். அம்மாவுக்குப் பிறகும் சாகும்வரைக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியில் அண்ணன்தான் நிற்பார் என்றும் சொன்னேன். அருளப்பு சொன்னார்: "நிக்கட்டும், டொக்டர். அவரும் எங்கையாவது நிக்கவேணுந்தானே?"

மூடாத கண்

அடுத்த கிழமை வேலணையிலிருந்து ஒரு மனிசி தன் புருஷனைக் கூட்டிவந்தா. வெளிநாட்டில் இருந்தபோது எங்கேயோ இமையை இழுத்து வெட்டுவித்திருக்கிறார். தோலைக் கூடுதலாக எடுத்துவிட்டார்கள். ஆள் பத்து வயது குறைந்துபோய்த்தான் இருந்தார், ஆனால் இமை முழுக்க மூடாது. கண் வறண்டு சிவந்திருந்தது. மருந்து எழுதினேன்.

அவர் வெளியே போனபிறகு அந்த மனிசி கதவைச் சாத்திவிட்டு வந்து இருந்தா. "மத்தியானத்திலை படுத்தால் கண் திறந்தபடி என்னைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார். கதை சொல்லுறன், சிரிக்கிறன், பிறகுதான் தெரியுது ஆள் நித்திரை எண்டு. டொக்டர், அந்தநேரம் என்னைப் பாக்கிறது ஆர்?"

இன்னொரு படம்

அருளப்பு திரும்பி வந்தபோது பிளாஸ்ரர் இல்லை. பழையபடி சரிந்த இமை. "வெட்டத் தேவையில்லையோ?" என்று கேட்டேன். நடந்ததைச் சொன்னார்.

பகல் வெளிச்சத்தில், அண்ணையின் சட்டையைப் போட்டுக்கொண்டு, முன்வாசலால் உள்ளே போயிருக்கிறார். அம்மா கண்டவுடனே "செபமாலை" என்று கையை நீட்டினா. முகத்தைத் தடவினா. கன நாளைக்குப் பிறகு கஞ்சி ஒரு வாய் குடித்தா. வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அம்மா சிரித்தா. பிறகு அவருடைய தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டா: "தம்பி எங்கை? அவனைக் கடலிலை விட்டிட்டோ நீ வந்தனீ?"

அருளப்பு அடுப்படிக்கு ஓடிப் பிளாஸ்ரரைப் பிய்த்து எறிந்துவிட்டு வந்து, "அம்மா, நான்தான் அருளப்பு" என்று முன்னால் நின்றார். அவ அவரை விலத்தி வாசலைப் பார்த்தா. அன்று தொடக்கம் செபமாலையைக் கேட்பதில்லை. அருளப்பு வந்திட்டானோ என்றுதான் கேட்கிறா, அவர் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே. 

பிறகு அருளப்பு சட்டைப்பையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். கலியாணக் கோட்டுப் போட்டிருந்த அவரே. அந்தக் கண்ணுக்கும் முன்னால் இருந்த கண்ணுக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம்கூட இல்லை. நேர்ஸ் கதவடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா. அருளப்பு கேட்டார்: "டொக்டர், இந்தக் கண் மாதிரி வெட்டிவிட ஏலுமோ?"

அன்றையிலிருந்து யாராவது மேசையில் படம் வைத்தால், படத்தில் இருப்பது யார் என்று கேட்பதற்கு முன்னால், கொண்டுவந்தது யார் என்று ஒருதரம் கேட்டுக்கொள்வது என் வழக்கமாகிவிட்டது.