முழந்தாளில் நின்று சொன்ன புகார்கள்

இருபது வருடங்களாக நான் அடுத்தவர்களின் சளியைப் பார்த்து வருகிறேன். பாகூர் பக்கம் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆய்வக வேலை, காசநோய் இருக்கிறதா என்று பார்ப்பது. காலையில் போனதும் மேசையில் சின்னச் சின்னக் குப்பிகள் காத்திருக்கும். மஞ்சள், பச்சை, சில நாள் ரத்தம் கலந்தது. மூடியைத் திறந்து, குச்சியால் எடுத்து, கண்ணாடித் துண்டில் தேய்த்து, சாயம் ஊற்றிக் காயவைப்பேன். பிறகு கையைக் கழுவிவிட்டுப் பக்கத்து அறையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவேன். எனக்கு அருவருப்பு என்பதே கிடையாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன், என் குரலை நானே கேட்ட நாள்வரைக்கும்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். என் அப்பாவும் அம்மாவும் ஊரார் நிலத்தில் நடவு நட்டவர்கள், கரும்பு வெட்டியவர்கள். அவர்களுக்கு வாய்விட்டு ஜெபிக்க வராது. ஜெபமாலையை உருட்டி முடித்துவிட்டு அப்படியே சாய்ந்துவிடுவார்கள். நான் படித்தவள். எனக்கு வார்த்தை வந்தது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில், கடைசி மன்றாட்டை என்னிடம்தான் விடுவார்கள். "இந்தக்கா மன்றாடுனா கல்லும் கரையும்பா" என்று ஒருத்தி சொன்னாள். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வந்த நடை எனக்கு நினைவிருக்கிறது. சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே இருந்தேன்.

வீட்டில் தினமும் ஏழு மணிக்கு ஜெபம். மாதா சுரூபத்துக்கு முன்னால் பாய் போட்டு, நான், என் கணவர், எங்கள் ஒரே மகள், மூன்று பேரும் முழந்தாளிடுவோம். ஜெபமாலையின் ஐம்பத்து மூன்று மணியும் உருட்டி முடித்ததும் சொந்த மன்றாட்டு. அது என் முறை. மகள் முதல் வகுப்பில் இருந்தபோது, "ஆண்டவரே, என் பிள்ளைக்கு நல்ல சுகத்தைத் தந்தருளும்" என்று ஒரு வரியில் முடிப்பேன். அவள் வளர வளர அது நீண்டது. ஆண்டவரே, இவளுக்குக் கணக்கில் கவனத்தைத் தந்தருளும். காலையில் எழும்பும் சுறுசுறுப்பைத் தந்தருளும். கண்ணாடி முன்னால் நிற்கும் புத்தியை எடுத்துப்போடும். பெற்றவர்கள் படும் பாட்டை உணரும் இருதயத்தை இவளுக்கு அருளும். நேருக்கு நேராகத் திட்டினால் அவள் பதில் பேசுவாள். கும்பிட்ட கையோடு, கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரைப் பார்த்துத் திட்டினால் யார் பதில் பேச முடியும்?

என் கணவர் எலெக்ட்ரீஷியன், அதிகம் பேச மாட்டார். ஒருநாள் பாயைச் சுருட்டும்போது சொன்னார்: "கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ்ல மனு குடுக்கற மாதிரியே இருக்குது. தெருவிளக்கு எரியல, வாய்க்கால் அடச்சிக்கிச்சி, பொண்ணு படிக்கல."

மகள் சிரித்தாள். நான் இரண்டு பேரோடும் மறுநாள் காலைவரை பேசவில்லை.

சிரித்தாளே தவிர, ஒவ்வொரு மன்றாட்டின் முடிவிலும் அவள் ஆமென் சொன்னாள். பத்து வருடம் சொன்னாள். தன்மேல் எழுதிய மனுவுக்குக் கீழே தானே கையெழுத்துப் போட்ட மாதிரி.

இந்தத் தவக்காலத்தில், பெங்களூரில் இருக்கும் என் அக்கா போனில் கேட்டாள்: "உன் ஜெபத்த தினம் வாட்ஸப்ல பேசி அனுப்புடி. இங்க வேலைக்குப் போறப்ப கேட்டுட்டே போவேன்." எனக்குப் பெருமை பிடிபடவில்லை. மாதா சுரூபத்துக்குக் கீழே போனைச் சாய்த்து வைத்து ஜெபத்தைப் பதிவுசெய்து சொந்தக்காரர்கள் குழுவில் போட ஆரம்பித்தேன். கும்பிடும் கை படம் பதிலுக்கு வரிசையாக வரும். எத்தனை கை வந்தது என்று படுக்கும் முன் பார்ப்பேன். ஜெபித்தபோது மூடியிருந்த கண், அதைப் பார்க்கத் திறந்தது. 

மகள் அப்போது பதினோராம் வகுப்பு. கொஞ்சம் எடை போட்டிருந்தாள். எனக்கு அது பயம். சர்க்கரை, மாதவிடாய்க் கோளாறு என்று தினமும் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளைப் பார்க்கிறவளுக்கு வேறென்ன தோன்றும். பயம் என்றுதான் இதுவரை சொல்லிக்கொண்டு வந்திருக்கிறேன். பயத்தை மட்டுமா சொன்னேன்? ஒருநாள் மாலை, போன் பதிவாகிக்கொண்டிருக்கும்போது, நல்ல தமிழில், ஏற்ற இறக்கத்தோடு, அவள் உடம்பைப் பற்றியும் அவள் நாக்கைப் பற்றியும் மன்றாடினேன். இரண்டு மாதமாக அவளுக்குத் தீட்டு வராததையும் சொன்னேன். எல்லாம் குழுவுக்குப் போனது. கும்பிடும் கைகள் வந்தன.

மறுநாள் அவள் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வரவில்லை.

ஐந்து மணிக்கு வருகிறவள் ஆறு மணிக்கும் இல்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. தெருமுனைக்கும் வீட்டுக்குமாக எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. கணவர் வண்டியை எடுத்துக்கொண்டு பாகூர் பஸ் ஸ்டாப்புக்குப் போனார். அங்கே பழக்கடைக்காரர், "உங்க பொண்ணு அப்பவே வில்லியனூர் பஸ்சுல ஏறிச்சே" என்றிருக்கிறார். திரும்பி வந்து என்னை ஏற்றிக்கொண்டார்.  கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போது அவர், "வில்லியனூர் மாதா கோயிலுக்குத்தான் போயிருக்கும்" என்றார். அந்தக் கோயிலுக்கு முன்னால் பெரிய குளம் இருக்கிறது. அதை இரண்டு பேரும் சொல்லவில்லை.

குளத்துப் படியில்தான் இருந்தாள். சீருடையோடு, புத்தகப்பை மடியில். கால் தண்ணீருக்குள் இருந்தது. மேல் படியில் யாரோ குடும்பமாக உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

"இன்னாமா, வலிக்குது."

"இங்க இன்னாடி பண்ற?"

"ஒண்ணும் பண்ணல. மாதாகிட்ட ஒண்ணு கேக்க வந்தேன்."

"இன்னா கேக்க வந்த?"

"எங்கம்மாவுக்கு நான் எதுக்குன்னு."

கணவர் இரண்டு படி மேலேயே நின்றுவிட்டார்.  இன்றும், அவள் குளியலறையில் கொஞ்சம் நேரம் எடுத்தால், கதவுக்கு வெளியே போய் நின்றுகொள்கிறேன்.

"மாதா இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன். 

"ஒண்ணும் சொல்லல. அவங்க எங்க பேசுவாங்க, நீதான் பேசுற." இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் வைத்தாள். "பெரியம்மா பொண்ணு எனக்கு அனுப்பிச்சி. சிரிக்கிற பொம்ம போட்டு. கேளு."

கேட்டேன். முறுக்குக் கடிக்கும் சத்தத்துக்கும் கோயில் மணிக்கும் நடுவில் என் குரல் வந்தது. அவ்வளவு தேன். அவ்வளவு இழுவை. 'ஆண்டவரே' என்கிற இடத்தில் ஒரு சின்ன விம்மல்கூட வைத்திருந்தேன். அது தானாக வந்த விம்மல் இல்லை. எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்து வைத்தது. அப்புறம் என் மகளின் இடுப்பு, என் மகளின் வயிறு, என் மகளின் தீட்டு.

சளி எடுக்க வருகிறவர்களிடம் நான் சொல்வதுண்டு: எச்சில் வேண்டாம், அடியிலிருந்து காறித் துப்புங்கள், அப்போதுதான் நோய் தெரியும். அன்றைக்கு அந்தப் பதிவில் என் அடி தெரிந்தது. படியிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். மகள்தான் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். அதற்குள் மேல்படிக் குடும்பம் முறுக்கை மடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டது.

வேலை செய்யும் இடத்து டாக்டரம்மா மூலமாக ஓர் ஆலோசகரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மகள் அவரிடம் தனியாகப் பேசினாள், இப்போதும் போய்ப் பேசுகிறாள். என்ன பேசுகிறாள் என்று நான் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று ஆண்டவருக்குத்தான் தெரியும். அவரிடமும் சொல்வதில்லை. வீட்டில் மகள் ஒரு நிபந்தனை போட்டாள்: "ஜெபத்துல என் பேச்ச எடுக்காத." எடுக்கவில்லை. ஐம்பத்து மூன்று மணி முடிந்ததும் அமைதி. மின்விசிறிச் சத்தம் மட்டும் இருக்கும். பத்து வருடமாக நான் ஆண்டவரிடம் என்னதான் பேசினேன் என்று அப்போது தெரிந்தது. அவளைப் பற்றிய புகாரை எடுத்துவிட்டால் என்னிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

சும்மா இருக்க முடியாத புத்தி. அடுத்த முறை வில்லியனூர் போனபோது, கோயில் வாசல் கடையில் ஒரு பிளாஸ்டிக் அட்டை வாங்கி வந்தேன். தினமும் காலையில் கண்ணாடி பார்த்துச் சொல்ல வேண்டிய ஜெபமாம். நான் அரிய படைப்பு, நான் அன்புக்குரியவள், நான் அறிவுள்ளவள் என்று போகும். பின்னால் சூரியகாந்திப் பூ படம். மகள் வாங்கிப் படித்தாள்.

"நான் அழகு, நான் அறிவு, நான் அப்பளம்" என்றாள் அவள் அப்பாவைப் பார்த்து.

"நொறுங்காம இருந்தா சரி" என்றார் அவர்.

அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இத நான் சொல்லி இன்னாமா ஆவப்போவுது" என்றாள். "நீ சொல்லு. நெசமா ஒண்ணு சொல்லு. என்னப் பத்தி நன்றின்னு ஒண்ணே ஒண்ணு. அப்ப பேச்ச எடுக்கலாம்."

அன்று சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் கண்ணை மூடினேன். பழைய குரல் வந்துவிடக் கூடாது என்று தொண்டையைச் செருமிக்கொண்டேன். "ஆண்டவரே, இன்னைக்கி என் பொண்ணு சொல்லாமலே பாத்திரம் எல்லாம் தொலக்கி வச்சா. அதுக்கு நன்றி."

"அது அப்பா" என்றாள் மகள்.

கணவர் இருமினார்.

மறுநாள், "என் பொண்ணுக்கு நல்ல சிநேகிதி ஒருத்திய குடுத்தீரே, அதுக்கு நன்றி" என்றேன்.

"நாங்க பேசியே ஆறு மாசம் ஆவுதுமா."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. விடையைத் திருத்திக் கொடுக்கும் டீச்சர் மாதிரி சொன்னாள். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அவள் குறைகளைத் தேதிவாரியாகச் சொல்ல என்னால் முடியும். நன்றி சொல்ல ஓர் உண்மை கைவசம் இல்லை. ஊரில் யார் யாருடைய சளியையோ நுண்ணோக்கியில் வைத்து, கண் வலிக்க வலிக்க, ஒரு சின்னச் சிவப்புக் குச்சிக் கிருமிக்காக நூறு இடம் நகர்த்தி நகர்த்திப் பார்க்கிறவள் நான். பெற்ற பெண்ணை அப்படி ஒருநாளாவது பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன். கிருமி தேடித்தான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுக்க ஒன்றும் சொல்லாமல் விட்டேன். பொய்யாக ஒன்று சொல்வதைவிட அது தேவலை.

போன வியாழக்கிழமை எனக்குக் கொஞ்சம் சீக்கிரம் போக வேண்டியிருந்தது, அவள் ஏறும் பஸ்ஸிலேயே ஏறினேன். நான் பின்படி, அவள் முன்பக்கம் ஜன்னலோரம். என்னை அவள் பார்க்கவில்லை. நடுவில் ஒரு நிறுத்தத்தில் மீன்கார அம்மா ஒருத்தர் ஏறி, என் மகளின் காலருகே கூடையை வைத்தார். பனித்திட்டுக் கடற்கரையிலிருந்து மீன் எடுத்து ஊர் ஊராக விற்கிறவர். அலுமினியக் கூடையில் அன்றைக்கு என்னவோ ஓட்டை. பஸ் வளையும்போதெல்லாம் மீன் தண்ணீர் கொட்டியது.

"ஏம்மா, எறங்கி அடுத்த பஸ்சுல வாம்மா. நாத்தம் கொடலப் புடுங்குது" என்றார் ஒருத்தர்.

"உங்கூட்டு கொழம்புல மட்டும் நாறாதா?" என்றார் அந்த அம்மா.

பஸ் சிரித்தது. ஆனாலும் எல்லோரும் சேலையையும் பேன்ட்டையும் தூக்கிக்கொண்டு விலகினார்கள். என் மகள் விலகவில்லை. கூடையின் விளிம்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், பஸ் ஆடும்போது ஆடாமல். தண்ணீர் அவள் கறுப்பு ஷூவின் மேலேயே ஒழுகியது. நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பாகூர் வரும்வரை அவள் காலை இழுக்கவில்லை.

அன்று மாலை சொன்னேன். குரல் கொஞ்சம் உடைந்தது. நான் வைத்த விம்மல் இல்லை. "ஆண்டவரே, இன்னைக்கி பஸ்சுல மீன் தண்ணி கால்ல கொட்டுனப்ப என் பொண்ணு கால இழுக்கல. கூடயப் புடிச்சிக்கிட்டு இருந்தா. அதுக்கு நன்றி."



"நீ அந்த பஸ்சுல இருந்தியா?"

"பின்னாடி இருந்தேன்."

"இழுக்க எங்கமா எடம் இருந்துச்சி, அவ்ளோ கூட்டம்" என்றாள். அப்புறம், "கூடயப் புடிச்சது நெசம்" என்றாள். அப்புறம், "ஆமென்."

அந்த ஆமென் முடிவதற்குள் என் மூக்கில் அந்த வாடை ஏறியது. ஷூவைக் கழுவாமல் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தாள். ஆண்டவரே, இவளுக்குக் கொஞ்சம் சுத்தபத்தத்தைத் தந்தருளும் என்கிற வரி, ஏற்ற இறக்கத்தோடு, முழுசாக, தொண்டைவரை வந்து நின்றது. இரண்டு பேரும் கண்ணை மூடியிருந்தார்கள். விழுங்கினேன். சளியை விழுங்கினால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.